பிபி மெஷின் சொல்லாத நாடி

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். இதயம் என்று எடுத்தாலே மாரடைப்பு, அடைப்பு, ஸ்டென்ட், கொழுப்பு, இதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. அதுவும் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆஞ்சியோவில் ஒரு அடைப்பும் இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்ட ஆளையும் ஒரே காலையில் கைகால் விழுந்து, பேச்சு போய், படுக்கையில் தள்ளிவிடுகிற கோளாறு ஒன்று இதயத்தில் இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர், ஆஸ்பத்திரியில் சுருக்கமாக ஏஎஃப் என்போம். அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு பத்திகூடப் படித்த ஞாபகம் இல்லை. ஈசிஜி எடுக்கும் வேலையிலேயே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன். நீளம் அதிகமானால் வெட்டிக்கொள்ளுங்கள், நாடி பார்க்கிற பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

விஷயம் இதுதான். இதயத்தின் வலது மேலறையில் ஒரு மூலையிலிருந்து நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்துடிப்பு கிளம்பி, மேலறைகள் முதலில் சுருங்கி, அப்புறம் கீழறைகள் சுருங்குவதுதான் ஒழுங்கு. ஏஎஃப் வந்தவருக்கு மேலறைகளில் கண்ட இடத்திலிருந்தும் நிமிடத்துக்கு 350, 500, 600 என்று மின்துடிப்புகள் கிளம்பும். அந்த வேகத்துக்கு மேலறை சுருங்க முடியுமா? சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நல்லவேளையாக நடுவில் ஒரு காவல் இருக்கிறது, வருகிற எல்லாவற்றையும் அது கீழறைக்கு விடாது. ஆனால் எதை விடும், எதை நிறுத்தும் என்பதில் ஒரு கணக்கும் கிடையாது, அதனால் கீழறைத் துடிப்பும் தாறுமாறாகத்தான் இருக்கும், பெரும்பாலும் வேகமாகவும் இருக்கும்.

படபடப்போடு போனால் பரவாயில்லை. இடது மேலறையில் காது மடல் போல ஒரு சிறு பை தொங்குகிறது. மேலறை சுருங்காததால் அந்தப் பைக்குள் ரத்தம் நகராமல் நிற்கிறது, ஓடாத தண்ணீரில் பாசி பிடிக்கிற மாதிரி அங்கே ரத்தக்கட்டி உண்டாகிறது. அது என்றைக்காவது கழன்று நேராக மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவில் 1948-ல் தொடங்கி இன்றும் நடக்கிற ஃபிரேமிங்காம் இதய ஆய்வுதான் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது: ஏஎஃப் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு. அதிலும் இப்படி இதயத்திலிருந்து போகிற கட்டி பெரியதாக இருப்பதால் மூளையின் பெரிய குழாயையே அடைத்துவிடும். இந்த வகைப் பக்கவாதம் வந்தவர்களில் பிழைத்தாலும் பழையபடி எழுந்து நடப்பவர்கள் குறைவு.

இதில் கொடுமை என்னவென்றால் நிறையப் பேருக்கு எதுவுமே தெரியாது. சிலருக்கு நெஞ்சு படபடக்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். வயதானவர்கள் அசதி என்பார்கள், வீட்டில் உள்ளவர்கள் வயசாகிவிட்டது என்பார்கள், அதோடு முடிந்தது. இன்னும் சிலருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து ஈசிஜி எடுக்கும்போதுதான் ஏஎஃப் இருந்ததே தெரியும்.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். கையைப் பிடித்து நாடி பார்க்கிற பழக்கம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 78 என்று காட்டுகிறது, பிபி மெஷினும் 78 என்கிறது, எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். அந்த 78 ஒரு சராசரி ஐயா. சீராக 78 தடவை துடிக்கிற இதயத்துக்கும், ஒன்று அவசரமாக, ஒன்று தாமதமாக, ரெண்டு சேர்ந்தாற்போல என்று துடித்து எப்படியோ 78 வந்து நிற்கிற இதயத்துக்கும் அந்தத் திரையில் வித்தியாசமே தெரியாது. விரலை வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிபி மெஷின் ஒன்றுமே சொல்லாது என்றும் இல்லை. பல மெஷின்களில் துடிப்பு சீராக இல்லையென்றால் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் மினுக்கும். அது என்னவென்று கூடவே வரும் புத்தகத்தில் போட்டிருப்பான், அந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்? இன்னொன்று, ஏஎஃப்-ல் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறுகிற ரத்தத்தின் அளவு மாறுவதால் பிபியும் ஒரு தடவை 152 காட்டும், உடனே மறுபடி பார்த்தால் 128, மூன்றாம் தடவை 140. ஒரு பெரியவர், இப்படி மாறி மாறிக் காட்டுகிறதே என்று பேட்டரியை மாற்றி, அப்புறம் மெஷினையே மாற்றி, புது மெஷினும் அப்படியே காட்டியதும் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ஈசிஜி எடுக்க வந்தபோது ஏஎஃப் என்று தெரிந்தது. பழைய மெஷின் பாவம், ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

நாடி பார்க்க வைத்தியர் வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டின் பள்ளத்தில் மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்குள்ளேயே ஒரு துடிப்பு ஓடுவதால் குழப்பிவிடும். ஒரு நிமிடம் முழுசாகப் பிடியுங்கள். எண்ணிக்கை அப்புறம், முதலில் தாளத்தைக் கவனியுங்கள். துடிப்போடு சேர்ந்து கால் பெருவிரலைத் தட்டிப் பாருங்கள். சீரான நாடி என்றால் ஐந்தாறு துடிப்புக்குள் கால் தானாகவே சேர்ந்துகொள்ளும். நடுவில் எப்போதாவது ஒன்று தவறுகிறது, மறுபடி பழையபடி போகிறது என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை, அது பலருக்கும் உண்டு. இளவயதுக்காரர்களுக்கு மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகி விடும்போது மெதுவாவதும் இயல்புதான். ஏஎஃப் வேறு மாதிரி. அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று எத்தனை நேரம் பிடித்திருந்தாலும் ஊகிக்கவே முடியாது. பலமாக ஒன்று, அடுத்தது வந்ததா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெலிதாக ஒன்று.

அந்த மெலிதானது ஏன் என்று சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒருவர் எண்ண, அதே நிமிடத்தில் மணிக்கட்டில் இன்னொருவர் எண்ணினால், ஏஎஃப் உள்ளவருக்கு ரெண்டும் ஒத்துப்போகாது. நெஞ்சில் 120, கையில் 96 என்று வரும். முந்திக்கொண்டு வருகிற துடிப்பின்போது கீழறையில் ரத்தம் நிரம்பியே இருக்காது, இதயம் காலியாகச் சுருங்கும், அந்த அலை மணிக்கட்டு வரை வந்து சேராது. ஆக்சிமீட்டர் விரலில் இருப்பதால் அதற்கும் இந்தக் காணாமல்போன துடிப்புகள் தெரியாமல் போகலாம். ஆக ஏஎஃப் உள்ளவருக்கு ஆக்சிமீட்டர் எண்ணைப் பார்த்து, துடிப்பின் வேகத்தைக் குறைக்கிற மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் சரியில்லை.

நாடி தாறுமாறாக இருந்தால் உடனே ஏஎஃப் என்று முடிவுகட்ட வேண்டாம், ஈசிஜி எடுக்க வேண்டும், அதுதான் சாட்சி. நெஞ்சுவலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் சேர்ந்திருந்தால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். ஈசிஜியில் மேலறை சுருங்குவதைக் காட்டுகிற சின்ன மேடு இருக்காது, அதற்குப் பதிலாக அடிக்கோடு நடுங்கும், உயரமான முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நாங்கள் ஒரு துண்டுக் காகிதத்தை ஈசிஜியின் மேல் வைத்து, அடுத்தடுத்த மூன்று நான்கு முனைகளுக்கு நேராகப் பேனாவால் புள்ளி வைத்து, காகிதத்தை அப்படியே பக்கவாட்டில் நகர்த்திப் பார்ப்போம். சீரான துடிப்பென்றால் புள்ளிகள் எங்கே நகர்த்தினாலும் முனைகளில் போய் உட்காரும். ஏஎஃப் என்றால் எங்கேயும் உட்காராது. வேகத்தைக் கணக்கிட 10 விநாடிக்குள் வந்த முனைகளை எண்ணி 6-ஆல் பெருக்கிக்கொள்வோம். ஈசிஜி மெஷினே மேலே அச்சடித்துத் தருகிற முடிவை மட்டும் நம்பக் கூடாது. கை நடுக்கம் உள்ளவருக்கு ஏஎஃப் என்று போட்டுவிடும், உண்மையான ஏஎஃப்-ஐ வேறு ஏதோ என்று போட்டுவிடும். டாக்டர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

அப்புறம், ஈசிஜி எடுத்தோம், நார்மல் என்றார்கள், விஷயம் முடிந்தது என்று வருகிறவர்கள் உண்டு. முடியவில்லை. தொடக்கத்தில் ஏஎஃப் வரும், போகும். சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்கு ரெண்டு நாள், வந்த மாதிரியே போய்விடும். அது இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி நார்மலாகத்தான் இருக்கும். 24 மணி நேரம் மாட்டுகிற ஹோல்டர் என்கிற ஈசிஜி கருவி, அதிலும் சிக்கவில்லையென்றால் ஒரு வாரம் இரண்டு வாரம் நெஞ்சில் ஒட்டிக்கொள்கிற பேட்ச் என்று போக வேண்டியிருக்கும். காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்களுக்கு இது மிக மிக அவசியம்.

கையில் கட்டுகிற வாட்ச் கண்டுபிடிக்குமாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கண்டுபிடிக்கும், ஒரு அளவுக்கு. 2019-ல் வெளிவந்த ஆப்பிள் ஆய்வில் 4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாட்ச் கட்டிக்கொண்டார்கள், அதில் துடிப்பு சீராக இல்லை என்று எச்சரிக்கை வந்தது அரை சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் பின்னால் பேட்ச் ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏஎஃப் பிடிபட்டது. மற்றவர்களுக்கு அந்தச் சமயத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம், வாட்ச்சே தப்பாகச் சொல்லியும் இருக்கலாம். வாட்ச் கட்டுவதெல்லாம் பெரும்பாலும் இளவட்டம், ஏஎஃப் வருவது பெரும்பாலும் 65 தாண்டியவர்களுக்கு, இந்தப் பொருத்தமின்மையை யாரும் கவனிப்பதில்லை.

அதற்காக எல்லோருக்கும் கருவி மாட்டித் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேடித்தேடிப் பார்த்த ஆய்வுகளின் முடிவே கலவையாக இருக்கிறது. ஸ்வீடனில் 75, 76 வயதுக்காரர்களை அழைத்து இரண்டு வாரம் தினமும் கையடக்க ஈசிஜி எடுக்கச் சொன்னார்கள், 2021-ல் முடிவு வந்தது, பலன் இருந்தது ஆனால் சிறிய பலன். அதே ஆண்டு டென்மார்க்கில் 70 தாண்டியவர்களுக்குத் தோலுக்கு அடியில் கருவியையே புதைத்துப் பார்த்தார்கள். சாதாரண கவனிப்பில் கிடைத்ததைவிட ஏறக்குறைய 3 மடங்கு ஏஎஃப் பிடிபட்டது, ஆனால் பக்கவாதம் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. எப்போதோ சில நிமிடம் வந்து போகிற ஏஎஃப்-ம், விரலுக்குச் சிக்குகிற அளவுக்கு நிலைத்த ஏஎஃப்-ம் ஒரே ஆபத்து இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஐரோப்பிய இதய மருத்துவர்கள் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவருகிறது: 65 வயது தாண்டியவர் எதற்காக டாக்டரிடம் வந்தாலும் சரி, வந்த இடத்தில் நாடியைப் பார்த்துவிடுங்கள், சந்தேகம் வந்தால் ஈசிஜி. இதற்குச் செலவு ஒரு நிமிடம்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம் என்ன? இங்கேதான் பாதிப்பேர் தடம் மாறுகிறார்கள். படபடப்பு அடங்க மாத்திரை கொடுத்தார்கள், அடங்கிவிட்டது, நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். படபடப்பு அடங்கினால் கட்டி உண்டாகிற ஆபத்து போய்விடாது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எனக்கு ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பது. இதற்கு டாக்டர்கள் ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதயம் பலவீனம், ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக்குழாய் நோய், 65 முதல் 74 வயது, இவை ஒவ்வொன்றுக்கும் 1. 75 வயது ஆகிவிட்டால் 2. முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்றால் கூடுதலாக ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஐரோப்பிய வழிகாட்டுதலில் 2024-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2 வந்தால் மாத்திரை, 1 என்றால் யோசித்து முடிவு. ஏஎஃப் எப்போதும் இருக்கிறதா, வந்து வந்து போகிறதா என்பதையோ, படபடப்பு எவ்வளவு என்பதையோ இந்தக் கணக்கு கேட்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆஸ்பிரின் பற்றிக் கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன். வயதானவர், ரத்தக்கசிவு வந்துவிடும், எதற்கு வம்பு, மென்மையாக ஆஸ்பிரின் போதும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2007-ல் இங்கிலாந்தில் 75 வயது தாண்டியவர்களையே எடுத்துக்கொண்டு ரத்தம் உறையாமல் இருக்கிற வார்ஃபரின் மாத்திரையையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். வார்ஃபரின் குழுவில் பக்கவாதம் போன்ற பெரிய கேடுகள் பாதியாகக் குறைந்தன, பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரின் குழுவைவிட அதிகமாக இல்லை. 2011-ல் வார்ஃபரின் சரிப்படாதவர்களுக்கு அதே வேலையைச் செய்கிற புது மருந்தான அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் கொடுத்துப் பார்த்தபோதும் அதே கதை. ஏஎஃப்-ல் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் உதவாது, ரத்தக்கசிவை மட்டும் தரும். ஸ்டென்ட் வைத்தவர்கள் வேறு காரணத்துக்காகப் போடுகிறார்கள், அவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

வார்ஃபரின் பழைய மருந்து. 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-ல் மனிதர்களுக்கு வந்தது. நல்ல மருந்துதான், ஆனால் ஐஎன்ஆர் என்கிற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி பார்த்து 2-க்கும் 3-க்கும் நடுவில் நிறுத்த வேண்டும். கீரை, வேறு மாத்திரைகள் எல்லாம் அதை இழுத்துக்கொண்டு போகும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஒரு வாரம் மலையளவு, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 2010-லிருந்து ஏஎஃப்-க்கு டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான் என்று வந்தவற்றுக்கு ஐஎன்ஆர் தேவையில்லை, மூளைக்குள் ரத்தக்கசிவும் குறைவு. ஆனால் இவை சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடுகிற மருந்துகள். ஒரு நாள் விட்டால் ஒரு நாள் காவல் இல்லை. ரிவராக்ஸபானைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் சரியாக ஏறாது. டாபிகாட்ரான் காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டிச் சாப்பிடக் கூடாது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். உலோக வால்வு வைத்தவர்களும், ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடது பக்கத்து மைட்ரல் வால்வு ஓரளவுக்கு மேல் சுருங்கியவர்களும் வார்ஃபரினிலேயே இருக்க வேண்டும். ருமாட்டிக் இதய நோயாளிகளை வைத்து 2022-ல் வெளிவந்த ஆய்வில் ரிவராக்ஸபான் குழுவில்தான் இறப்பு அதிகமாக இருந்தது. புதுசு என்றால் எல்லோருக்கும் நல்லது என்று இல்லை.

பல் பிடுங்கப் போகிறேன் என்று தாங்களாகவே ஒரு வாரம் நிறுத்திக்கொள்கிறவர்கள், ஈறில் லேசாக ரத்தம் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள், இவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நிறுத்தலாமா, எத்தனை நாள் என்று மாத்திரை கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். முட்டிவலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடுகிற வலி மாத்திரைதான் இவர்களுக்குப் பெரிய எதிரி, அதைக் கேட்காமல் போடாதீர்கள்.

துடிப்பின் வேகத்தைக் குறைப்பதா, தாளத்தையே சரிசெய்வதா என்பது பெரிய விவாதம். 2002-ல் வந்த ஆய்வு, ரெண்டும் ஒன்றுதான், உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்றது. 2020-ல் வந்தது, ஏஎஃப் கண்டுபிடித்த ஒரு வருடத்துக்குள் தாளத்தைச் சரிசெய்ய இறங்கினால் பக்கவாதமும் இதயக் கேடுகளும் குறைகின்றன என்றது. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. நுரையீரல் சிரைகள் மேலறையில் சேருகிற வாயிலிருந்துதான் பல ஏஎஃப் கிளம்புகிறது என்று 1998-ல் பிரான்ஸின் போர்தோவில் கண்டுபிடித்தார்கள், அந்த இடத்தைக் குழாய் விட்டுச் சுட்டுத் தனிமைப்படுத்துவதுதான் அப்ளேஷன். பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. சிலருக்குத் திரும்பி வருகிறது. அப்ளேஷன் செய்த கையோடு ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையைத் தூக்கிப் போடக் கூடாது, மதிப்பெண்ணைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும்.

அடிப்படைக் காரணங்களை யாரும் ஆர்வமாகக் கேட்பதில்லை, ஆனால் அங்கேதான் நோயாளியின் கையில் ஏதாவது இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் உடல் பருமன் உள்ள ஏஎஃப் நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2015-ல் எழுதினார்கள்: எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைத்து அதைத் தக்கவைத்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் மருந்தும் அப்ளேஷனும் இல்லாமலே ஏஎஃப் இல்லாமல் இருந்தார்கள். 2020-ல் அதே நாட்டில், தொடர்ந்து குடிக்கிற ஏஎஃப் நோயாளிகளை இரண்டு குழுவாக்கி ஒரு குழுவை மதுவை விடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் ஏஎஃப் திரும்பியது விட்டவர்களில் 53 சதவீதம், விடாதவர்களில் 73. பிபியைக் கட்டுக்குள் வைப்பது, தைராய்டு பார்ப்பது இதெல்லாம் சொல்லவே வேண்டாம். ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று திணறுகிறவர்கள் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், பக்கத்தில் படுக்கிறவர் சொன்னால்தான் அது தெரியும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதயப் பக்கம் போடும்போது மணிக்கட்டில் விரல் வைக்கிற படம் ஒன்றைப் பெரிதாகப் போடுங்கள். கூடவே ஒரு பெட்டிச் செய்தியும்: ஏஎஃப் உள்ளவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த நேரத்தில் போடுகிறார்கள் என்று ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்திருக்க வேண்டும், வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சு குழறினால் கட்டியைக் கரைக்கிற ஊசி போட நாலரை மணி நேரம்தான் இருக்கிறது, கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்று தெரியாவிட்டால் அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்று டாக்டரால் முடிவெடுக்க முடியாது. அந்த நேரத்தில் நோயாளியால் பேச முடியாது, கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஈசிஜி டெக்னீஷியன் ஒருவர்